கருப்பட்டிக்குச் சொன்ன கணக்கு

என் மனைவி 2022 ஜூன் மாதம் ரியாத்துக்குப் புறப்பட்டாள். செவிலியர் வேலை, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது புதிய செய்தி அல்ல. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டுப் பெண்கள் சவுதியிலும் குவைத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்க்கிறார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகத்தான் இவளும் போனாள். சான்றிதழ் சரிபார்ப்பு, தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்று எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதமும் காகிதங்களைத் தயார் செய்தோம். பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும் என்று ஒருநாள்கூட உட்கார்ந்து பேசவில்லை. மகளுக்கு அப்போது 11 வயது, மகனுக்கு 6.

வீடு ஒழுங்காகத்தான் நடந்தது. சமையலை என் அம்மா பார்த்துக்கொண்டார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மாலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். தொலைபேசி நேரம்தான் பொருந்தவே இல்லை. ரியாத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவளுக்குப் பகல் டூட்டி ஏழு முதல் ஏழு வரை. அவள் அறையை விட்டுக் கிளம்பும் காலை ஆறு மணி இங்கே எட்டரை. பள்ளி வேன் எட்டேகாலுக்கே போயிருக்கும். வேலை முடிந்து அறைக்குத் திரும்பி அவள் போனை எடுக்கும்போது இங்கே பத்தரை, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். நைட் டூட்டி வாரத்தில் மட்டும், மாலை ஆறரை மணி வாக்கில், அவள் தூங்கி எழுந்த முகத்தோடு பத்து நிமிடம் கிடைக்கும். சாப்பிட்டாயா, படித்தாயா, ஆச்சியிடம் சமர்த்தாக இருக்கிறாயா. இந்த மூன்று கேள்விகளைத் தாண்டிப் பேச்சு நகராது.

ஆகஸ்ட் மாதத்தில் மகன் போனுக்கு வருவதை நிறுத்திவிட்டான். மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நாலு வயதில் நின்றுபோன பழக்கம் திரும்பி வந்து, இரவில் படுக்கை நனைந்தது. மகளிடம் எந்த மாற்றமும் இல்லை. தம்பிக்கு ஷூ மாட்டிவிட்டாள், பாத்திரம் கழுவினாள், முதல் ரேங்க் வாங்கினாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று உறவுக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நானும்தான் பாராட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

அக்டோபர் மழையில், வேன் நிற்கும் இடத்துக்கு அருகே உள்ள கலுங்கின், அதாவது சிறு பாலத்தின், அடியில், ஒரு சாக்கில் கட்டி இரண்டு நாய்க்குட்டிகளை யாரோ விட்டுப் போயிருந்தார்கள். இரண்டும் பெட்டை. ஆண் குட்டி என்றால் கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டை என்றால் சாக்குதான். ஒன்றை ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் எடுத்துப்போனார். மற்றொன்றை என் மகன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, கேட்கவும் இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்துவிட்ட முகம் அது. என் அம்மா, "வீட்டுக்குள்ளே நாய் ஏறக் கூடாது மக்களே" என்றார். மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குட்டி கருப்பட்டி நிறம். பெயரும் அதுவே ஆயிற்று.

யோசித்து எடுத்த முடிவு அல்ல அது. அதனாலேயே இதை எழுதுகிறேன். நாய் வளர்த்தால் பிள்ளைகளின் ஏக்கம் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவின் இடத்தை நாய் நிரப்பாது, நிரப்பவும் கூடாது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. தூரத்தில் இருந்த அம்மாவுக்கு வீட்டுக்குள் செய்ய ஒரு வேலை கிடைத்தது.

நவம்பர் முதல் வாரம், ஒரு மாலை. மகன் பந்தைப் பிடுங்கப் போனபோது குட்டியின் பல் அவன் மணிக்கட்டில் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை, நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, அதன் ஓரத்தில் சிவப்பு. என் அம்மா மஞ்சள் எடுக்க உள்ளே ஓடினார். நான் மனைவிக்கு அடித்தேன். நைட் டூட்டி வாரம், அப்போதுதான் விழித்திருந்தாள். "மஞ்சளும் வேண்டாம், எதுவும் பூச வேண்டாம். குழாயைத் திற. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துச் செய். போனை அவன் பக்கம் வை" என்றாள்.

கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நிற்பது எவ்வளவு நீளமான நேரம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது நிமிடமே அவன் கையை இழுத்தான். துணி துவைக்கும் கல்லின் மேல் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து அவள் கதை சொல்லத் தொடங்கினாள். இன்றைக்குப் பிரான்ஸில் இருக்கும் ஒரு ஊரில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான், அவனை வெறிநாய் கடித்துக் குதறிவிட்டது, அவன் அம்மா அவனைப் பாரிஸில் இருந்த பாஸ்டர் என்பவரிடம் அழைத்துப் போனாள், 1885 ஜூலை 6 அன்று அவர் அவனுக்கு முதல் ஊசி போட்டார், மொத்தம் 13 ஊசி. அந்தப் பையன் பிழைத்துப் பெரியவனாகி அதே பாஸ்டரின் ஆய்வு நிலையத்தில் காவல் வேலை பார்த்தான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் மகன் மூன்று மாதத்துக்குப் பிறகு போனைப் பார்த்து முதல் கேள்வி கேட்டான். "எனக்கு எத்தனை ஊசி?"

"நாலு தடவை. இன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும்."

"அவனுக்கு மட்டும் 13?"

அன்று பதினைந்து நிமிடம் முடிந்த பிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஆட்டோவிலும் பேச்சு நிற்கவில்லை. ஊசிக்குக் காசு இல்லை. வீட்டில் குட்டி வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குட்டிதானே, பல்தானே பட்டது என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் குட்டிகளுக்கும் வரும். கீறல் என்றாலும் கழுவிவிட்டு அன்றே போய்விட வேண்டும். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி மருந்தும் (இம்யூனோகுளோபுலின்) தேவைப்படும். அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று இரவே அவள் எங்களிடம் கேட்டது, குட்டிக்கு எந்தெந்த ஊசி போட்டிருக்கிறீர்கள் என்று. எதுவும் போடவில்லை. மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தேன். அந்தத் தவறுக்கு மாதக் கடைசியில் விலை கொடுத்தோம். குட்டி சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது, மறுநாள் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பார்வோ என்றார் கால்நடை மருத்துவர்; குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். பிழைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. பிழைக்காது என்றும் சொல்லவில்லை. நாலு நாள் தினமும் கொண்டு போய்க் குளுக்கோஸ் ஏற்றி வந்தோம்.

அந்த நாலு நாளும் ரியாத்திலிருந்து ஒரு வார்டு நடந்தது. பழைய கணக்கு நோட்டில் மகளைக் கோடு போடச் சொன்னாள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, எத்தனை மணிக்கு. தோலை மெல்ல இழுத்து விட்டால் உடனே படிகிறதா, உடம்பில் நீர் வற்றிக் கூடாரம் போல நிற்கிறதா. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் உடனே சிவக்கிறதா. மகள் ஒவ்வொன்றையும் எழுதினாள். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்து பார்த்தபோது, அவள் தரையில் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். நாய்க்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். "அம்மா அங்கே எல்லோருக்கும் இப்படிப் பார்த்துக்கொள்கிறாள்" என்றாள். பொறுப்பான பிள்ளை என்று ஐந்து மாதமாக நாங்கள் பாராட்டியது எதை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் ஒருவர் பிரிந்து போயிருக்கும்போது அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளையின் பக்கத்தில் அதிக நேரம் உட்காருங்கள்.

நாலாம் நாள் மாலை கருப்பட்டி ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர் குடித்தாள், அது உள்ளே தங்கியது. கஞ்சி வைத்துக் கொடுத்தது, வீட்டுக்குள் நாய் ஏறக் கூடாது என்று சொன்ன என் அம்மா.

குட்டி எடுக்கிறவர்கள் எங்கள் தவறைச் செய்யாமல் இருக்க இதைச் சொல்கிறேன். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், பார்வோ உட்படப் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் முதல் கூட்டுத் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் அதற்கு மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். பூச்சி மருந்து முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இந்த ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் விடக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை ஆகாது. மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் எல்லாம் உண்டு. அதில் இருப்பது முழுக்க வெங்காயமும் பூண்டும்தான். உப்பில்லாமல் வேக வைத்த கோழியும் சோறும் போதும். வேக வைத்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், போடாதீர்கள். காசு இல்லாதவர்கள் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டிப் பல ஊர்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். ஜூலை 6 எதற்கு என்று என் மகனைக் கேட்டால் சொல்வான்.

ஊசித் தேதிகளை எல்லாம் நகைக்கடைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்தோம். மனைவியின் டூட்டி அட்டவணையும் அதிலேயே ஏறியது. பகலுக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா, மகள் வரைந்தாள். இது தற்செயலாக நடந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒரு அமைதி வந்தது. ஏன் என்று ஒருநாள் இரவில் தெரிந்தது. திண்ணையில் மகன் நாயின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

"இன்றைக்கு அம்மாவுக்கு நிலா. போன் வரும். அம்மா சீக்கிரம் வந்துவிடுவாள். சீக்கிரம் என்றால் நாளைக்கு இல்லை. சீக்கிரம் என்றால் இரண்டு கிறிஸ்துமஸ்."

சீக்கிரம் வந்துவிடுவாள் என்பது நான் அவனிடம் தினமும் சொன்ன வார்த்தை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சீக்கிரம் என்றால் மறுநாள் காலை. ஒவ்வொரு காலையும் அவன் ஏமாந்திருக்கிறான். அதனால்தான் போனை வெறுத்தான். யாரும் சொல்லித்தராமல், தனக்குப் புரிகிற அளவுகோலை அவனே கண்டுபிடித்து நாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றோடு அந்தச் சீக்கிரம் எங்கள் வீட்டில் நின்றது. பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் எந்தப் பண்டிகைக்குப் பிறகு, எத்தனை பரீட்சைக்குப் பிறகு என்றாவது சொல்லுங்கள். நாயிடம் பிள்ளை பேசும்போது தள்ளி நின்று கேளுங்கள்; குறுக்கே போகாதீர்கள், பிறகு அதைப் பற்றி விசாரிக்கவும் செய்யாதீர்கள்.

இன்னொரு தவறையும் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டி என் அலுவலகச் செருப்பைக் கடித்துக் குதறிய ஒருநாள் கோபத்தில், "இப்படியே செய்தால் கொண்டு போய் எங்கேயாவது விட்டுவிடுவேன்" என்று கத்திவிட்டேன். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் ஒருவர் ஏற்கெனவே போய்விட்ட வீட்டில் அதைச் சொல்லவே கூடாது. மகன் அன்று இரவு சாப்பிடவில்லை. ஒரு கயிற்றின் ஒரு முனையை நாயின் கழுத்துப் பட்டையிலும் மறு முனையைத் தன் காலிலும் கட்டிக்கொண்டு தூங்கியிருந்தான். காலையில் அவிழ்த்தபோது கணுக்காலில் தடம் இருந்தது. அவனை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டேன். கருப்பட்டி எங்கேயும் போக மாட்டாள் என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் அது உண்மையாக இருக்க வேண்டும். நாட்டு நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு வாழும். நாளை குடும்பமே வெளிநாடு போக நேர்ந்தால் நாயை யார் பார்ப்பது? வாடகை வீடு என்றால் உரிமையாளர் என்ன சொல்வார்? கேட்டைத் திறந்து விட்டுவிட்டு விமானம் ஏறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த நாய்கள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் படுத்துக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதவர்கள் எடுக்காமல் இருப்பதே நல்லது. பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டவும் கூடாது. சோறு வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் பிள்ளைகள் வேலை. மருத்துவமனை, பணம், இரவு விழிப்பு பெரியவர் வேலை. எங்களுக்கு மாதம் 1,500 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. ஏழு மாதத்தில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தோம். தையல் காயும்வரை பத்து நாள் அவள் நக்காமல் பார்த்துக்கொள்வது சிரமம்தான். ஆனால் கலுங்கடியில் இன்னொரு சாக்குக்கு நாங்கள் காரணமாக மாட்டோம்.

படுக்கை நனைவது ஒரே வாரத்தில் நிற்கவில்லை. குழந்தை மருத்துவரிடமும் போனோம், அவர் சொன்னபடி நடந்தோம், மார்ச் வாக்கில் நின்றது. நாய் வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளை தொடர்ந்து ஒதுங்கினால், தூங்காவிட்டால், பேசாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது; தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

பூனை 2023இல் தானாக வந்தது. சந்தையிலிருந்து நான் கொண்டுவந்த நெத்திலிப் பொட்டலத்தோடு கூடவே நடந்து வந்ததால் பெயர் நெத்திலி. நெத்திலி என் மகளுடைய பூனை. நாய் கூப்பிட்டால் வரும், விளையாடக் கூப்பிடும். பூனை எதுவும் கேட்காது, மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். எந்நேரமும் ஏதாவது செய்துகொண்டே இருந்த என் மகளை அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தது அந்தப் பூனைதான். மகள் பெரியவளான வாரம் அம்மா அருகில் இல்லை. ஆச்சி இருந்தார், அத்தை வந்தார், பலகாரம் வந்தது. எல்லோரும் போன பிறகு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றின் மேல் நெத்திலியைப் போட்டுக்கொண்டு, அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அறைக்கு வெளியே பூனையின் குறுகுறு சத்தம் வரைக்கும் கேட்டது. பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

2024 ஜூன். என் மனைவிக்கு நாற்பது நாள் விடுப்பு. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கினாள். ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் போனிலேயே உயிரைக் காப்பாற்றி வளர்த்தவளைப் பார்த்துக் கருப்பட்டி பல்லைக் காட்டிக் குரைத்தாள். போனில் கேட்ட குரலை நேரில் அடையாளம் தெரிந்துகொள்வாள் என்று பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். தெரியவில்லை. என் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதைவிட அவளுக்கு வலித்தது மகன் என் பின்னால் நின்றதுதான். விமான நிலையத்தில் ஓடி வந்து கட்டிக்கொண்டவன், வீட்டுக்கு வந்ததும் விலகி விலகிப் போனான். எட்டு வயதில் ஒரு பிள்ளை ஆறு வயதில் விட்ட மடியைத் திரும்பப் பிடிக்க நேரம் எடுக்கும்.

நாயைப் பழக்குகிற வழி எங்களுக்குத் தெரிந்திருந்தது. நேராகப் போய்த் தலையில் கை வைக்கக் கூடாது. கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்து உன் வேலையைப் பார், அது வந்து முகரட்டும். அதையே மகனுக்கும் செய் என்றேன். அவள் முதலில் கோபப்பட்டாள். பெற்ற பிள்ளையிடமா என்றாள். பிறகு ஒத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை அடுக்களைக்குப் பின்னால் உட்கார்ந்து சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். செதில் நகத்தில் ஒட்டியிருந்தது, சட்டி நிறையத் தலையும் வாலும். முதலில் நெத்திலி வந்தாள், அவளுக்கு அறிமுகம் எதுவும் தேவைப்படவில்லை. பிறகு கருப்பட்டி, வயிற்றைத் தரையில் தேய்த்தபடி அங்குலம் அங்குலமாக வந்து, முழங்கையை முகர்ந்தாள். என் மனைவி திரும்பவே இல்லை, கத்தியும் நிற்கவில்லை. சற்று நேரம் கழித்து மகன் பள்ளிச் சீருடையோடு வந்து பக்கத்தில் குந்தினான். "அந்தத் தலையைப் போடாதே அம்மா, முள் குத்தும். முள் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்" என்றான். "எப்படி எடுப்பது, காட்டு" என்றாள். காட்டினான். அன்று அவன் வேனைத் தவறவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை கடைசியில் அவள் திரும்பிப் போனாள். இந்த முறை தேதி காலண்டரில் முதலிலேயே இருந்தது. பெட்டி கட்டுவதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. அவள் உடுத்திய பழைய நைட்டி ஒன்றைத் துவைக்காமல் கருப்பட்டியின் சாக்கின் மேல் விரித்துவிட்டுப் போனாள். கார் போன பிறகு நாய் இரண்டு நாள் கேட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மாலை மகன் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டினான்.

"இரண்டு கிறிஸ்துமஸ். நடுவில் உனக்கு இரண்டு ஊசி. அவ்வளவுதான் கணக்கு" என்றான்.